ரியோவில் கேட்ட அப்பாவின் பாட்டு

தலையில் தொப்பி, வாயில் சுருட்டு. ‘சோங் ஃபோர் மை ஃபாதர்’ இசைத்தட்டின் அட்டையில் இருக்கிற வயசான மனிசன் இசைக் கலைஞர் இல்லை. பியானோ வாசித்த ஹொரஸ் சில்வரின் அப்பா அவர். பெயர் ஜோன் தவாரிஸ் சில்வா. மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கிற கேப் வேர்ட் தீவுகளில், மையோ என்ற தீவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்.

வீட்டில் அவரும் ஊர்ச் சிநேகிதர்மாரும் கிற்றாரும் வயலினுமாகக் கூடிப் பாடுவார்கள். அந்தப் பாட்டுகளை ஜாஸில் வாசியன் எண்டு அப்பா கேட்டும் மகனுக்கு மனம் வரவில்லை. 1964 பெப்ரவரியில், கார்னிவல் நேரம், மகன் ரியோ டி ஜெனிரோவுக்குப் போனார். அங்கே கேட்ட பொஸா நோவா தாளம் பிடித்துப்போனது. திரும்பிவந்து அந்தத் தாளத்தில் ஒரு மெட்டுக் கட்டப் பார்த்தால், வந்தது பிரேசில் மெட்டு இல்லை. சின்ன வயசில் வீட்டில் கேட்ட கேப் வேர்ட் மெட்டு!

இதைத் தற்செயல் எண்டு சொல்ல ஏலாது. ஆளில்லாமல் கிடந்த அந்தத் தீவுகளில் 15ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் குடியேறினார்கள். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். பிறகு அதே வியாபாரம் பிரேசிலுக்கும் நீண்டது. ஆபிரிக்கத் தாளமும் போர்த்துக்கேயக் கிற்றாரும் அத்திலாந்திக்கின் இரண்டு பக்கமும் கலந்தது அப்படித்தான். (எங்கட கலியாண வீட்டுப் பைலாவுக்குப் பின்னாலும் இதே போர்த்துக்கேயரும் அவர்கள் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆபிரிக்கரும்தான் இருக்கினம்.) அதனால் இந்தப் பாட்டை ‘ஃபியூஷன்’ எண்டு எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சில்வர் புதிதாக எதையும் கலக்கவில்லை. ஏற்கெனவே உறவான இரண்டை அடையாளம் கண்டார்.

அல்பம் முழுக்க இப்படியில்லை. பெரும்பாலும் அவருடைய வழக்கமான நியூயோர்க் ஜாஸ்தான். தலைப்புப் பாட்டின் தொடக்கத்தை மட்டும் ஒருக்கா கவனமாகக் கேளுங்கோ: பியானோவின் இடது கையும் பேஸும் சேர்ந்து அவசரமில்லாமல் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வைக்கும். 1974இல் ஸ்டீலி டான் குழு தங்கட பாட்டொன்றின் தொடக்கத்துக்கு எடுத்தது இதைத்தான்.

ஒரு விசயம் உறுத்துகிறது. அட்டைக் குறிப்பில் அப்பாவின் பூர்வீகம் ‘போர்த்துக்கேயம்’ எண்டுதான் இருக்கிறது. அப்போது கேப் வேர்ட் போர்த்துக்கலின் காலனி. சுதந்திரம் கிடைத்தது 1975 ஜூலை 5இல். அமெரிக்காவுக்குப் போன தீவுக்காரர் பலரும் தங்களைப் போர்த்துக்கேயர் எண்டே சொல்லிக்கொண்டார்கள். ஆபிரிக்கா அந்தச் சொல்லுக்குள் மறைந்துகிடந்தது.

1965 ஒக்டோபரில் சில்வர் அடுத்த இசைத்தட்டைப் பதிவுசெய்தார். அதற்கு வைத்த பெயர் ‘த கேப் வேர்டியன் புளூஸ்’.