பயணம் முடிந்தபின் தொடங்கிய பணி

விழாக்கள் பல நடைபெறுகின்றன. பந்தல் பிரிக்கப்பட்ட மறுநாளே அவற்றுள் பெரும்பாலானவை மறக்கப்பட்டு விடுகின்றன. சில விழாக்களே ஊர் மறந்தாலும் வரலாறு மறவாதனவாய் நிலைத்து நிற்கின்றன. அத்தகைய ஒரு விழாவையும், அதனை அடுத்து இரு பெண்மணிகள் மேற்கொண்ட ஒரு குறுகிய காலக் கடற்பயணத்தையும் பற்றி, வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் மலரில் எழுதுவது பொருத்தமென எண்ணுகிறேன்.

பெண்களின் பொன்விழா

அமெரிக்காவில் கிறித்தவ சபைகள் அயல்நாடுகளுக்கு ஊழியர்களை அனுப்பத் தொடங்கிய காலத்தில், காணிக்கையைத் திரட்டியவர் பலர் பெண்களாயிருந்தும், அதனைச் செலவிடும் உரிமை ஆண்களிடமே இருந்தது. மணமாகாத பெண்ணைத் தனியே கடல் கடந்து அனுப்பச் சபைகள் தயங்கின. ஆனால் ஆசிய நாடுகளில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்களை ஆண் ஊழியர் அணுக இயலவில்லை. எனவே 1861 ஆம் ஆண்டில் சாரா டோரமஸ் அம்மையாரின் தலைமையில், பெண்களே நடத்தும் மிஷன் சங்கம் ஒன்று நியூயார்க்கில் தோன்றியது. அதனைப் பின்பற்றி ஒவ்வொரு சபையிலும் மகளிர் சங்கங்கள் எழுந்தன. பெண்கள் திரட்டிய பணம் பெண்களின் கையிலேயே தங்கியது.

அம்முயற்சியின் ஐம்பதாவது ஆண்டு நிறைவை 1910, 1911 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கொண்டாடினர். ஊர் ஊராகச் சென்று பேசினர், நிதி திரட்டினர். திரண்ட தொகை 10 இலட்சம் டாலருக்கு மேல் ஆயிற்று. இவ்விழாவின் உயிர்நாடியாய் விளங்கியவர் இருவர்: ஹெலன் பாரெட் மாண்ட்கோமரி, லூசி பீபாடி.

இருவர் வரலாறு

இருவரும் 1861 ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்தவர்கள். மாண்ட்கோமரி அம்மையார் வெல்லெஸ்லி கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1899 ஆம் ஆண்டில் ராச்செஸ்டர் நகரப் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண் இவரே. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடைக்கப் பெண்ணுரிமைத் தலைவி சூசன் அந்தோணியுடன் சேர்ந்து பாடுபட்டவர்.

லூசி அம்மையாரின் வாழ்வோ நம் மண்ணோடு தொடர்புடையது. 1881 ஆம் ஆண்டில் நார்மன் வாட்டர்பரி என்னும் மிஷனரியை மணந்து, இருபது வயதில் சென்னைக்கு வந்தார். அங்கு வாழ்ந்த தெலுங்கு மக்களிடையே இருவரும் பணி செய்தனர். 1886 இல் கணவர் இறந்தார். இருபத்தைந்து வயது கைம்பெண்ணாகக் குழந்தைகளுடன் அவர் தாயகம் திரும்பினார்.

அக்காலத்து அமெரிக்க பாப்டிஸ்ட் தெலுங்குப் பணி எத்தகைய மக்களுடையது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், ஓங்கோல் பகுதியில் பணியாற்றிய ஜான் கிளஃப் என்பவர், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியை ஒப்பந்தத்தில் எடுத்து, பட்டினியால் வாடியோருக்குக் கூலி கிடைக்கச் செய்தார். அவர்களுள் பெரும் பகுதியினர் தோல் தொழில் செய்து ஊருக்குப் புறத்தே வாழ்ந்த மாதிகர்கள். பஞ்ச காலத்தில் ஞானஸ்நானம் கொடுக்க அவர் உடன்படவில்லை. சோற்றுக்காக மதம் மாறினர் என்னும் பழி எழலாகாது என்று கருதினார். பின்னர் 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பணிக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த காணிக்கையில், முகமறியாத பெண்களின் சிறுகாசுகளும் கலந்திருந்தன.

1913 ஆம் ஆண்டுப் பயணம்

1913 ஆம் ஆண்டில் தோழியர் இருவரும் தத்தம் மகள்களை உடனழைத்துக் கொண்டு புறப்பட்டனர். ஐரோப்பா, எகிப்து, இந்தியா, பர்மா, சீனா, கொரியா, ஜப்பான் என அமைந்தது பயணம். பர்மாவில் அடோனிராம் ஜட்சன் வந்திறங்கிய நூற்றாண்டு விழாவில் பங்கு கொள்வதும், ஆசிய நாடுகளில் பெண்கல்வியும் மருத்துவமும் எந்நிலையில் உள்ளன என்று நேரில் ஆராய்வதும் நோக்கம். அவர்கள் எங்கும் நிலையாகத் தங்கவில்லை. சில மாதங்களில் தாயகம் திரும்பினர்.

ஓரிடத்தைச் சில நாள் பார்த்தவர் அவ்விடத்தை அறிந்தவராவாரா? ஆகார். இதனை அவர்களே உணர்ந்திருந்தனர் என்பதற்கு அவர்தம் பிற்காலச் செயலே சான்று. புதிய திட்டம் எதனையும் அவர்கள் இங்கு வந்து திணிக்கவில்லை. அவ்விடங்களில் ஏற்கெனவே உழைத்துக் கொண்டிருந்தோரின் கனவுகளுக்கே தோள் கொடுத்தனர்.

சென்னையில் மகளிர் கல்லூரி வேண்டும் என்னும் கருத்து முன்னரே உருவாகியிருந்தது. பன்னிரண்டு மிஷன் சங்கங்கள் ஒன்றுகூடி 1915 ஜூலையில் மகளிர் கிறித்தவக் கல்லூரியைத் தொடங்கின. எலினார் மெக்டூகல் அம்மையார் முதல்வர். முதலாண்டு மாணவியர் 41 பேர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900 முதல் மருத்துவம் செய்து வந்தார். ஆண் மருத்துவரை ஏற்க வீட்டார் மறுத்ததால், பேறுகாலத்தில் மூன்று பெண்கள் ஒரே இரவில் மாண்டதைக் கண்டே அவர் மருத்துவம் கற்றவர். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை 1918 இல் தொடங்கினார். முதல் அணியில் பதினான்கு பெண்கள் 1922 இல் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர்.

கல்லூரிகள் பிறந்தன, கட்டடங்கள் இல்லை. இங்குதான் பயணம் செய்தோரின் உண்மையான பணி தொடங்கிற்று. சென்னை, வேலூர், இலக்னோ, சீனத்தின் நான்கிங்கில் ஒன்று, பீகிங்கில் இரண்டு, ஜப்பானின் டோக்கியோ என ஏழு மகளிர் கல்லூரிகளுக்குச் சேர்த்து நிதி திரட்டப் பீபாடி அம்மையார் முன்னின்றார். ராக்ஃபெல்லர் குடும்பத்து அறக்கட்டளை ஒரு நிபந்தனை விதித்தது: பெண்கள் 20 இலட்சம் டாலர் திரட்டினால், தான் 10 இலட்சம் டாலர் தரும். செல்வர் சிலரை மட்டும் நம்பியிருந்தால் அது நிறைவேறியிராது. இல்லத்தரசியரும் ஆசிரியைகளும் ஆளுக்கு ஒரு டாலர், இரண்டு டாலர் எனக் கொடுத்தனர். குறித்த கெடுவான 1923 ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் நிபந்தனை நிறைவேறிற்று.

குறையும் கூறல் வேண்டும்

வரலாறு எழுதுவோன் புகழ் மட்டும் பாடலாகாது. அக்காலம் வெள்ளையர் ஆதிக்கக் காலம். மேற்கு நாட்டுப் பெண் விளக்கேந்தி வருபவள், கீழ்நாட்டுப் பெண் இருளில் இருப்பவள் என்னும் எண்ணம் அவர்தம் பேச்சிலும் எழுத்திலும் ஊடாடியது. பணம் எங்கிருந்து வந்ததோ, முடிவும் அங்கேயே எடுக்கப்பட்டது. தலைமைப் பொறுப்பு அவ்வந்நாட்டுப் பெண்களிடம் வந்து சேரக் காலம் பிடித்தது. நான்கிங்கின் ஜின்லிங் கல்லூரியில், 1919 இல் பட்டம் பெற்ற முதல் ஐவருள் ஒருவரான வூ யீஃபாங் 1928 இல் தலைவரானார். வேலூரில் ஹில்டா லாசரஸ் அம்மையார் தலைமையேற்றது 1940களின் இறுதியிலேயாகும்.

மற்றொன்று. கல்லூரி எழுந்ததால் மட்டும் சேரிப் பெண் கல்லூரிக்குள் நுழைந்துவிட முடியாது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குக் கல்லூரிக் கதவு திறந்திருந்தென்ன, மூடியிருந்தென்ன? கல்லூரிக்குப் படிக்கட்டு சிற்றூர்ப் பள்ளி. அப்படிக்கட்டை யார் கட்டுவது என்பதே அன்றும் இன்றும் வினா.

நமக்குரிய பாடம்

நான் பணியாற்றிய பள்ளியொன்றில், ஒன்பதாம் வகுப்பில் முதலாக வந்த நம்மினத்து மாணவி ஒருத்தி அடுத்த ஆண்டு வரவில்லை. வீடு தேடிச் சென்றேன். “ஐயா, பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் காசு ஏது? தம்பிதான் படிக்கட்டுமே” என்றார் அவள் தாயார். அந்த வீட்டில் அரை மணி நேரம் அமர்ந்து, அறிவுரை பல கூறித் திரும்பினேன். என் கடமை முடிந்ததென எண்ணினேன். அது முடிவன்று, தொடக்கமாயிருந்திருக்க வேண்டும். திரும்பி வந்து நாலு பேரிடம் கையேந்தியிருந்தால் அவள் படித்திருப்பாள். நான் ஏந்தவில்லை. இன்றும் அது என் நெஞ்சை உறுத்துகிறது.

இன்றும் அயல்நாட்டுக் குழுவினர் இரண்டு வாரம் வந்து, சுவருக்கு வண்ணமடித்துப் படம் எடுத்துக் கொண்டு திரும்புவதைக் காண்கிறோம். அவர்களை மட்டும் குறை கூறுவானேன்? நகரத்தில் வேலை பெற்ற நாமும் பொங்கலுக்குச் சேரிக்கு வந்து, பேசிவிட்டுத் திரும்புகிறவர்கள்தாமே! வருதல் பிழையன்று. திரும்பிச் சென்றபின் என்ன செய்தோம் என்பதே கணக்கு.

இளைஞர்களே, கடலுக்கு அப்பாலிருந்து சில மாதம் வந்து பார்த்தவர்கள், ஒரு டாலர் ஒரு டாலராகத் திரட்டி ஏழு கல்லூரிகளுக்கு உதவினர். நாமோ இம்மண்ணிலேயே பிறந்தவர்கள்; எந்தத் தெருவில் எந்தப் பெண் படிப்பை விட்டாள் என்பதைப் பெயரோடு அறிந்தவர்கள். வெள்ளி விழாவின் பந்தல் பிரிக்கப்படுமுன், அப்பெயர்களை ஒரு தாளில் எழுதுவோம். பொன்விழாவுக்குள் அத்தாளிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு பட்டம் எழுதப்பட வேண்டும். விழா எடுத்ததன் பயன் அதுவே.