இளவரசர் அப்துல் கரீம்: மலையிலிருந்து மக்கள் அரசியலுக்கு

முஸ்லிம் நாட்டில் முஸ்லிம்களே ஏன் அரசுக்கெதிராக ஆயுதம் ஏந்துகின்றனர்? பலூசிஸ்தான் குறித்த செய்திகளைப் படிக்கும்போது நம் இல்லங்களில் எழும் கேள்வி இது. விடை தேட நாம் 1947-க்குச் செல்ல வேண்டும்.

அன்று பலூசியரின் பெரிய சமஸ்தானம் கலாத். அதன் ஆட்சியாளர் மீர் அஹ்மத் யார் கான். அவருக்கு ஒரு காலத்தில் சட்ட ஆலோசகராக இருந்தவர் முஹம்மது அலி ஜின்னா! 1947 ஆகஸ்டில் ஏற்பட்ட உடன்பாட்டில், கலாத் தனிநாடு என்பதைப் பாகிஸ்தான் தரப்பு ஏற்றுக்கொண்டது. மார்க்கம் ஒன்று என்பதற்காகவே இணைய வேண்டுமானால் ஆப்கானிஸ்தானும் ஈரானும் இணைய வேண்டுமே என்று கலாத்தின் மக்கள் அவையில் வினவினார் கவுஸ் பக்ஷ் பிஸன்ஜோ. அவ்வினாவுக்கு நேரான பதில் எவரிடமும் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் நெருக்கடி முற்றி, 1948 மார்ச் 27 அன்று கான் இணைப்பு ஆவணத்தில் கையொப்பமிட்டார்.

கானின் தம்பி இளவரசர் அப்துல் கரீம் அதை ஏற்கவில்லை. ஆதரவாளர்களுடன் ஆப்கான் எல்லையைக் கடந்தார். காபூல் உதவவில்லை, சொந்த அண்ணனும் கைகொடுக்கவில்லை. திரும்பி வந்தவர் கைதாகி 10 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். குர்ஆன் மீது ஆணையிட்டுத் தரப்பட்ட வாக்குறுதியை நம்பியே அவர் மலையை விட்டு இறங்கினார் என்பது பலூசியர் கூற்று. 1959-இல் சரணடைந்த முதியவர் நவ்ரோஸ் கானைப் பற்றியும் இதையே அவர்கள் சொல்கின்றனர். 1960-இல் அவருடைய கூட்டாளிகள் தூக்கிலிடப்பட்டனர். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஏவியே அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. அதை ஓதி வளர்ந்த சமூகத்தில் இப்புண் எளிதில் ஆறுமா?

வியப்பு யாதெனில், சிறைமீண்ட கரீம் மீண்டும் மலையேறவில்லை. 1955-இல் 'உஸ்தமான் கல்', அதாவது மக்கள் கட்சி, என்றோர் அமைப்பைத் தொடங்கினார். மேற்குப் பாகிஸ்தானின் மாகாணங்களை ஒன்றாக்கிய 'ஒரே அலகு' திட்டத்தை நீக்கி, பலூசியருக்குத் தனி மாகாணம் தருமாறு கோரினார். தனிநாடு கேட்டவர் மாகாணம் போதும் என்று இறங்கி வந்ததைத் தோல்வி என்பாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மக்களைத் திரட்டிப் பேசும் வழியை அது திறந்தது.

அவரது அமைப்பு 1957-இல் தேசிய அவாமி கட்சியில் கலந்தது. 1970-இல் பலூசிஸ்தான் மாகாணமும் உருவானது. 1972-இல் அக்கட்சியின் அதாவுல்லா மெங்கல் முதலமைச்சரானார். அன்று அவையில் வினவிய அதே பிஸன்ஜோ ஆளுநரானார். ஓராண்டுகூட நிறையவில்லை. 1973 பிப்ரவரியில் பூட்டோ அந்த அரசைக் கலைத்தார். அதன்பின் மூண்ட போர் 1977 வரை நீடித்தது.