காகிதத்துக்காகப் பிறந்த ஏசி

1902-ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம் திணறிக்கொண்டிருந்தது. பெயர் சாக்கெட் அண்ட் வில்ஹெம்ஸ். ‘ஜட்ஜ்’ என்ற நகைச்சுவை இதழ் அங்கேதான் வண்ணத்தில் அச்சானது. அந்தக் காலத்தில் வண்ணப் படம் என்றால் ஒரே தாள் நிறத்துக்கு ஒரு முறையாக மறுபடி மறுபடி எந்திரத்துக்குள் போய்வர வேண்டும். ஒரு நிறம் அடித்து, அடுத்த நிறம் அடிப்பதற்குள் காற்றில் ஈரம் கூடினால் தாள் அதைக் குடித்து விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். எல்லாம் மயிரிழை அளவுதான். ஆனால் அந்த மயிரிழை போதும், உதட்டின் சிவப்பு உதட்டைத் தாண்டி விழுந்துவிடும். தாளும் வீண், மையும் வீண், இதழ் வெளிவரும் நாளும் தள்ளிப்போகும்.

சிவகாசியில் அச்சுத் தொழில் பார்த்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. ‘ரெஜிஸ்டர்’ என்கிற நிறப் பொருத்தம் விலகினால் காலண்டரில் சாமி படத்துக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஊருக்கு வறண்ட காற்று இயற்கை கொடுத்த வரம். கடலை ஒட்டிய புரூக்ளினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வறண்ட காற்று வேண்டுமானால் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

இன்று நம் வீட்டுச் சுவரில் இருக்கும் ஏசி அந்தத் தேவையில் பிறந்தது. மனிதருக்கு வியர்த்ததற்காக அதை யாரும் உருவாக்கவில்லை. காகிதத்துக்கு ஈரம் ஆகவில்லை என்பதற்காக உருவாக்கினார்கள். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த ஏசி வாங்குவது, வாங்கியதை எப்படிப் பராமரிப்பது என்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அச்சகத்தின் சிக்கலை வால்டர் டிம்மிஸ் என்ற ஆலோசனைப் பொறியாளர் பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியின் நியூயார்க் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். நீராவிக் குழாய்களையும் பெரிய விசிறிகளையும் வைத்துக் கட்டடங்களைச் சூடாக்குவதும், மரம், காப்பிக்கொட்டை போன்றவற்றை உலர்த்த ஏற்பாடு செய்து தருவதும் அந்தக் கம்பெனியின் தொழில். அலுவலகப் பொறுப்பில் இருந்த இர்வின் லைல், வேலையைத் தலைமையிடத்தில் இருந்த ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தார். அவர்தான் வில்லிஸ் கேரியர். வயது 25. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வாரம் 10 டாலர் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்.

கேரியர் முதலில் சாக்குத் துணியைக் கால்சியம் குளோரைடு உப்புக் கரைசலில் நனைத்து, அதன் மேல் காற்றைச் செலுத்திப் பார்த்தார். உப்பு ஈரத்தை இழுத்தது. ஆனால் அச்சகத்துக்கு அந்த முறை தோதுப்படவில்லை. அடுத்து, தங்கள் கம்பெனி தினமும் கையாண்ட பொருளையே எடுத்துத் தலைகீழாக்கினார். நீராவி ஓடுகிற சூட்டுக் குழாய்ச் சுருளில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்.

ஐஸ் மோர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கிறதே, அதே வேலைதான். வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் அதனால் சுமக்க முடியாத ஈரம் தண்ணீராக இறங்கிவிடும். குழாய் எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும், காற்று எவ்வளவு வேகத்தில் அதைக் கடக்க வேண்டும் என்ற கணக்கைச் சரியாகப் போட்டால், அறையில் எவ்வளவு ஈரம் மிஞ்ச வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். கேரியரின் வரைபடங்களில் உள்ள தேதி 1902 ஜூலை 17. ஆண்டு முழுவதும் 55 சதவீத ஈரப்பதம் என்பது இலக்கு. முதல் தொகுதிக் குழாய்களுக்கு ஆழ்கிணற்று நீர் வந்தது. அடுத்த தொகுதியை அம்மோனியாவில் ஓடும் குளிரூட்டும் எந்திரத்தோடு இணைத்தார்கள். இரண்டும் சேர்ந்து தந்த குளிர்ச்சி, ஒரு நாளில் 1,08,000 பவுண்டு பனிக்கட்டி உருகுவதற்குச் சமம்.

குளிர்ச்சியைப் பனிக்கட்டியால் அளப்பது அன்றைய வழக்கம். அந்த அளவு இன்றும் நம்மை விடவில்லை. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம்தான் ஒரு ‘டன்’. கடையில் நாம் கேட்கிற ஒன்றரை டன் ஏசி, ஒரு நாள் முழுக்க ஓடினால் 1,360 கிலோ பனிக்கட்டி செய்கிற வேலையைச் செய்யும். சென்னைக்காரர்களுக்கு அந்தப் பனிக்கட்டிக் காலத்தின் சாட்சி கண்ணெதிரே நிற்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து ஃபிரெடரிக் டியூடரின் கம்பெனி கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் மெரினாவில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

கேரியர் அச்சகத்தோடு நிற்கவில்லை. அந்த ஆண்டே பனி மூடிய ஒரு மாலையில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, தன்னைச் சூழ்ந்த மூடுபனியைக் கணக்காகப் பார்க்கத் தொடங்கினார். ஈரம் முழுக்க நிறைந்த காற்று குளிர்ந்திருந்தால் அதிலுள்ள நீரின் மொத்த அளவு குறைவுதான். அப்படியானால் குளிர்ந்த நீரைத் தூவி, அந்தத் தூவலுக்குள் காற்றைச் செலுத்தினாலே, நீரின் வெப்பநிலையை வைத்துக் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தலாம். தண்ணீரைக் கொண்டே காற்றை உலர்த்துகிற இந்த யோசனைக்கு 1906 ஜனவரி 2 அன்று காப்புரிமை கிடைத்தது. அந்த எந்திரம் காற்றிலிருந்த தூசியையும் கழுவியது.

அதை ஆவலோடு எடுத்துக்கொண்டவை பஞ்சாலைகள். அவற்றின் தேவை அச்சகத்துக்கு நேர் எதிர். காற்று வறண்டால் நூல் அறும், பஞ்சு பறக்கும். அதனால் ஈரத்தைக் கூட்ட வேண்டும். கோவை மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பழகிய சங்கதி. வெளியே எந்தக் காற்று வீசினாலும் ஸ்பின்னிங் பகுதியில் ஈரப்பதம் 55, 60 சதவீதத்தில் நிற்க வேண்டும். அச்சகத்தில் ஈரத்தை எடுத்ததும் மில்லில் ஈரத்தைக் கொடுத்ததும் ஒரே அறிவியல்தான். அந்தக் கணக்குகளையெல்லாம் கோவைப்படுத்தி 1911-இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தில் கேரியர் ஒரு கட்டுரை வாசித்தார். 1915-இல் லைல் உள்ளிட்ட ஆறு நண்பர்களோடு சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

மனிதர்கள் சுகம் கண்டது அதற்குப் பிறகு, சினிமாக் கொட்டகையில். 1925-இல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் ஏசி போட்டார்கள். கைவிசிறியோடு வந்த ரசிகர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விசிறியை மடியில் வைத்தார்கள். வீடுகளுக்குப் பரவலாக வர இன்னும் காலம் பிடித்தது. தியேட்டருக்கு முன்பே, 1914-இல், மினியாபொலிஸில் சார்லஸ் கேட்ஸ் என்ற செல்வந்தரின் மாளிகைக்கு ஒன்று அமைத்தார்கள்தான், ஆனால் அந்த எந்திரம் 7 அடி உயரம், 20 அடி நீளம். எந்திரம் சிறுக்கவும் வேண்டும், உள்ளே ஓடுகிற கேஸ் கசிந்தால் ஆளைக் கொல்லாமலும் இருக்க வேண்டும். தாமஸ் மிட்ஜ்லியின் குழு கண்டுபிடித்த ஃப்ரியான் 1930-இல் அறிமுகமானதும் அந்தத் தடை நீங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜன்னல் ஏசி பரவியது. இரைச்சல் போடும் பாதியை வெளியே தள்ளிய ஸ்பிளிட் ஏசியை 1961-இல் ஜப்பானின் தோஷிபா கொண்டுவந்தது. கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வீட்டு ஏசியை 1981-இல் அதே கம்பெனி விற்பனைக்கு விட்டது.

இத்தனை மாற்றத்திலும் உள்ளே நடக்கிற காரியம் மாறவில்லை. மே மாதத்தில் சென்னையில் எந்த மாடியிலும் அவுட்டோர் யூனிட் பக்கம் போய்ப் பாருங்கள். டிரெயின் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர், நம் அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்தது. புழுக்கமான இரவில் ஒரு வாளி நிறைவதும் உண்டு. அந்தச் சொட்டு, ஏசி தன் பிறவிக் கடமையைச் செய்கிறது என்பதன் அடையாளம். வாங்கும்போது அதை மறந்துவிடுகிறோம்.

சின்ன அறைக்கு இரண்டு டன் போட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் ஏராளம். பழைய மாதிரி, வேகம் மாறாத கம்ப்ரஸர் என்றால், பெரிய எந்திரம் பத்து நிமிடத்தில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ‘காயில்’ என்கிற குளிர்ந்த குழாய்ச் சுருள் நன்றாக நனைந்து தண்ணீர் வடிவதற்கு முன்பே நின்றால், அதில் ஒட்டிய ஈரம் மறுபடி அறைக்குள்ளேயே ஆவியாகும். அறை சில்லென்றிருக்கும், ஆனால் படுக்கை பிசுபிசுக்கும். கடலோர ஊர்க்காரர்கள் அளவான டன்னில் இன்வெர்ட்டர் ஏசி வாங்குவது நல்லது. அது மெதுவாக, நெடுநேரம் ஓடி ஈரத்தை எடுக்கும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, மேற்கு வெயில் அடிக்கும் சுவர் என்றால் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

ஏர் கூலர் விஷயமும் இதுதான். அது தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது, அதாவது காற்றில் ஈரத்தைச் சேர்க்கிறது. வேலூரின் வறண்ட மே மாத மதியத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினால் அருமையாக உதவும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்று வந்த பிறகு அதே கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

பராமரிப்பும் அந்தக் குளிர்ந்த காயிலைச் சுற்றியே சுழல்கிறது. முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினால் சாம்பல் நிறத் தூசி ஒரே படலமாக உரிந்து வரும். அந்தப் படலம் இருக்கும்வரை காயிலுக்குப் போதிய காற்று போகாது. அதனால் காயில் உறைந்து பனிக்கட்டி கட்டும், உருகும்போது சுவரில் ஒழுகும். குழாயடியில் ஃபில்டரைக் கழுவி நிழலில் உலர்த்த யாருடைய உதவியும் வேண்டாம், மாதம் ஒருமுறை செய்தால் போதும். டிரெயின் தட்டில் பாசி படிந்து குழாய் அடைத்தாலும் தண்ணீர் வீட்டுக்குள்தான் இறங்கும். அதையும் காயிலையும் கோடைக்கு முன்பு மெக்கானிக்கை வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

கேஸ் பற்றிக் கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். அது பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் வருடா வருடம் ‘டாப் அப்’ செய்வது பணத்தையும் வானத்தையும் சேர்த்துக் கெடுப்பது. ஃப்ரியான் வகைகள் ஓசோனைத் தின்கின்றன என்று 1974-இல் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஓசோனைத் தொடாத அடுத்த தலைமுறை கேஸ்களும் பூமியைச் சூடாக்குவதால் 2016-இல் கிகாலியில் அவற்றையும் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. வாங்கும்போது நட்சத்திரத்தோடு கேஸின் பெயரையும் படியுங்கள். கசிவைத் தேடிப் பற்றவைத்துவிட்டுக் கேஸ் நிரப்புகிற மெக்கானிக்குக்குக் கூடுதல் கூலி தாராளமாகக் கொடுங்கள்.

எத்தனை டிகிரியில் வைப்பது? 2020 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. என் யோசனை, ஏசி வாங்கும் அன்றே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றையும் வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். ரிமோட்டில் தெரிகிற எண்ணைவிட அதில் தெரிகிற எண்ணைப் பாருங்கள். 60-க்கு மேலே நின்றால் டிகிரியைக் குறைக்காமல், ‘டிரை’ பட்டனை அழுத்துங்கள். 55-ஐ நெருங்கிவிட்டால் 26 டிகிரியும் ஒரு மின்விசிறியும் போதும். வியர்வை தானே உலரும், மின் கட்டணமும் இறங்கும்.