அமெரிக்கக் குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எல்லைக்கு உட்புறத்தே குடியேற்றச் சட்டங்களை நிறைவேற்றுவதையும், எல்லை கடந்து நிகழும் குற்றங்களைப் புலன் விசாரிப்பதையும் பிரதான கடமைகளாகக் கொண்ட மத்திய சர்க்கார் ஸ்தாபனம் இது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ‘ஐஸ்’ என்று வழங்கப்படுவது. உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவுக்கு உட்பட்டது. வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டது.

தோற்றம்: அந்நியர் பிரவேசத்தை மேற்பார்க்கும் பொறுப்பு 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ராஜ்யங்களிடமிருந்து மத்திய சர்க்காரிடம் வந்து சேர்ந்தது. 1933-இல் குடியேற்ற நிர்வாகமும் பிரஜா உரிமை நிர்வாகமும் இணைக்கப்பட்டுத் தொழிலாளர் இலாகாவின் கீழ் ஒரே ஸ்தாபனமாயின. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டபின், அந்நியரைப் பற்றிய கவலை பிழைப்புப் போட்டியிலிருந்து தேசப் பாதுகாப்பின்பால் திரும்பவே, அது 1940-இல் நீதி இலாகாவுக்கு மாற்றப்பட்டது. குடியுரிமை அளிப்பதும் நாடு கடத்துவதுமாகிய முரண்பட்ட இரு தொழில்களையும் ஒருங்கே ஏற்று அறுபத்தொன்பது ஆண்டுகள் நடந்த அந்த ஸ்தாபனம், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் 2002-இல் நிறைவேறிய சட்டத்தால் கலைக்கப்பட்டது. 2003 மார்ச் 1 முதல், தங்கும் கால நீட்டிப்பு, குடியுரிமை முதலிய மனுக்களைப் பரிசீலிப்பது ஒரு துறைக்கும், எல்லையையும் துறைமுகங்களையும் காப்பது மற்றொரு துறைக்கும், உள்நாட்டு அமலாக்கமும் பழைய சுங்க இலாகாவின் புலன் விசாரணைப் பணியும் இத்துறைக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன.

அமைப்பு: செனட் சபையின் சம்மதத்துடன் ஜனாதிபதி நியமிக்கும் இயக்குநரே இதன் தலைவர் என்பது விதி, ஆயினும் 2017 ஜனவரிக்குப் பின் பல ஆண்டுகள் தற்காலிகப் பொறுப்பாளர்களே இதனை நடத்திவந்தனர். அந்நியரைக் கைது செய்து, காவலில் வைத்து, நாடு கடத்துவது அமலாக்க, வெளியேற்றப் பிரிவின் வேலை. ஆள் கடத்தல், போதைப் பொருள், ஆயுதம், போலிச் சரக்கு, குழந்தைகளைச் சீரழிக்கும் இணையக் குற்றம் ஆகியவற்றைத் துப்புத் துலக்குவது புலன் விசாரணைப் பிரிவின் வேலை. குடியேற்ற நீதிமன்றங்களில் சர்க்கார் பக்கம் வாதிடுவோர் சட்ட ஆலோசகப் பிரிவினர். இவற்றுடன் நிர்வாகப் பிரிவும், ஊழியர்களின் ஒழுங்கீனத்தை விசாரிக்கும் பிரிவும் உண்டு.

அதிகாரமும் வரம்பும்: நாடு கடத்தல் தண்டனையன்று, சிவில் நடவடிக்கையே என்று உச்ச நீதிமன்றம் 1893-இல் வகுத்த கோட்பாட்டின் மீதே இத்துறையின் நாடு கடத்தும் அதிகாரம் நிற்கிறது. ஆதலால் குடியேற்றச் சட்டத்தின் கீழான கைதுக்கு நீதிபதியின் கையொப்பம் இன்றித் துறை அதிகாரியின் ஆணையே போதுமானதாகிறது. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தும், வசதியற்றவருக்குச் சர்க்கார் செலவில் வழக்கறிஞர் கிடைப்பதில்லை. தீர்ப்புக் கூறும் குடியேற்ற நீதிபதிகளும், மேல் முறையீட்டை முதலில் கேட்கும் வாரியமும், சுதந்திரமான நீதித்துறையைச் சேராமல் நீதி இலாகாவின் அங்கமாகவே இருக்கின்றனர். போதாக்குறைக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம், சில வகையினரை நீதிபதியின் முன் நிறுத்தாமலே துரிதமாக வெளியேற்றவும், உள்ளூர்ப் போலீஸாருடன் ஒப்பந்தம் செய்து அவர்களிடம் குடியேற்றப் பணியை ஒப்படைக்கவும் வழி செய்தது. எனினும் விசாரணையின்றிக் கடுங்காவல் விதிப்பது செல்லாது என்று 1896-இலும், ஏற்றுக்கொள்ள எந்த நாடும் முன்வராத ஒருவரைப் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் அடைத்துவைப்பதற்குத் தக்க காரணம் காட்டவேண்டும் என்று 2001-இலும் உச்ச நீதிமன்றமே அந்த அதிகாரத்துக்கு எல்லை கட்டியது.

விவாதம்: சட்டத்தை மீறித் தங்கியவரை அகற்றாவிடில் சட்டமே பொருளிழக்கும் என்பது ஆதரிப்போர் வாதம். தண்டனையன்று என்று பெயரளவில் சொல்லப்படினும், தனியார் கம்பெனிகளும் உள்ளூர்ச் சிறைகளும் நடத்தும் காவலிடங்களில் அடைபட்டு, குடும்பத்தைப் பிரிந்து அனுப்பப்படுபவருக்கு அது தண்டனையே என்பது எதிர்ப்போர் வாதம். இத்துறையையே கலைக்கவேண்டும் என்ற கோரிக்கை 2018-இல் வலுப்பெற்றது. அதற்கு நேர்மாறாக, 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் காவலிடங்களுக்கும் அமலாக்கத்துக்குமாகச் சுமார் 7,500 கோடி டாலரைப் பல ஆண்டுகளுக்கு ஒதுக்கி, இதன் பலத்தை முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருக்கியது.