தகதிமியைத் தட்டச்சு செய்தவர்கள்

அருணகிரிநாதர் எங்கள் ஊர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. தாளத்தை எழுத்தில் பிடித்து வைக்கும் வேலையில் தமிழில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. திருப்புகழ்ப் புத்தகத்தைப் புரட்டினால் பாட்டுக்குப் பாட்டு தலைமாட்டில் ஒரு வரி நிற்கும். தன, தான, தத்த, தந்த என்று போகும் அந்த வரிக்குப் பொருள் இல்லை. பாட்டு எப்படி நடக்க வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கிறது. வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி 1894இலும் 1901இலும் திருப்புகழை அச்சாக்கினார். அதே காலத்தில் வாழ்ந்து 1898இல் மறைந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள், ‘வண்ணத்தியல்பு’ என்று இந்தச் சந்தங்களுக்கு ஓர் இலக்கணமே எழுதிவிட்டார். தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்று எட்டு. அவற்றின் ஈற்றை நீட்டினால் இன்னும் எட்டு. இந்தப் பதினாறை வைத்து எந்த வண்ணப் பாட்டையும் அளந்துவிடலாம்.

நான் திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம், கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துப் பிழைக்கிறவன். சின்ன வயதில் மிருதங்கம் படித்தேன்; மேடை ஏறும் அளவுக்கு வரவில்லை, ஆனால் வாய் மட்டும் இன்னும் தகதிமி சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, பிள்ளைகளுக்கு நிரல் சொல்லிக்கொடுக்க ஸ்ட்ரூடலைப் பிடித்துக்கொண்டேன். பிரௌசரைத் திறந்து ஒலியின் பெயர்களை வரிசையாக எழுதினால் வாசிக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே எழுத்தை மாற்றினால் இசையும் மாறும். பல கோயில்களில் மோட்டார் வைத்த மேளம் ஒன்று இருக்குமே, சுவிட்சைப் போட்டால் ஒரே அடியை அடித்துக் காதைக் கிழிப்பது, அதற்கு நேர் எதிரான சங்கதி இது. மேடையில் திரை கட்டி, எழுதுவதைச் சபைக்குக் காட்டியபடியே வாசிக்கும் இந்தக் கலைக்கு 2004இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் கூடியவர்கள் டோப்லாப் என்று ஓர் அமைப்பே வைத்தார்கள்.

ஆனால் ஸ்ட்ரூடலின் எழுத்து முறைக்குப் பூர்வீகம் ஹம்பர்க் அல்ல, லக்னோ. 1980களின் தொடக்கத்தில் ஜிம் கிப்பன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அங்கே உஸ்தாத் அஃபாக் உசேன் கானிடம் தபலா கற்றுக்கொண்டிருந்தார். தபலாவில் காயிதா என்று உண்டு: ஒரு சொற்கட்டை எடுத்து, விதி மீறாமல் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே போவது. விதி என்ன என்று கேட்டால் வித்வான் வாசித்துக் காட்டுவாரே தவிர விளக்க மாட்டார். இந்தியாவில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார் பெல் அதற்கு ஒரு நிரல் எழுதினார். அதுதான் போல் பிராசஸர். போல் என்றால் தபலாச் சொல், நம் சொற்கட்டில் வரும் சொல் மாதிரி. ஆப்பிள் டூ-சி என்ற சின்னக் கணினியில் ஒரு சொல்லுக்கு ஒரு விசை. வாய் சொல்லும் வேகத்துக்குக் கை தட்டச்சு செய்யலாம். கணினி தானாக ஒரு காயிதாவைக் கட்டித் தரும். அதை வித்வானிடம் காட்டுவார்கள். ‘இது சரி, இது வராது’ என்பார். வராததற்கு ஏற்ப இலக்கணத்தைத் திருத்துவார்கள். இயந்திரத்தைச் சோதிக்க வித்வானை உட்கார வைத்தார்கள். வித்வானை அளக்க இயந்திரத்தை வைக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது.

முதல் பதிப்புக்கு வேலை எழுத்தோடு முடிந்தது. இரண்டாம் பதிப்பு மேக்கின்டாஷில் வந்தபோது மின்னிசைக் கருவிகளை இணைத்து ஒலிக்கவும் செய்தது. 1994இல் மும்பையில் அந்த்ரேயின் பெல் அமைத்த ‘க்ரோனோஸ்’ நாட்டியத்துக்கு அதில்தான் இசை. அந்தப் பதிப்பில் ஒரு குறியீடு உண்டு: நெளி அடைப்புக்குள் தகிட போட்டு, காற்புள்ளி வைத்து, தகதிமி போட்டால் மூன்றும் நான்கும் ஒரே நேரத்துக்குள் அடங்கி ஒலிக்கும். திஸ்ரத்தையும் சதுஸ்ரத்தையும் ஒரே தட்டில் வைத்த மாதிரி. இங்கிலாந்தின் அலெக்ஸ் மக்லீன் 2009 வாக்கில் டைடல் என்ற மொழியைத் தொடங்கியபோது, அதன் எழுத்து முறைக்கு இந்தக் குறியீட்டைத்தான் பின்பற்றினார்; அதை அவரே எழுதியிருக்கிறார். அவர் கையில் அடைப்பு மட்டும் மாறியது: ஒரே நேரத்துக்குள் அடக்கச் சதுர அடைப்பு, அடி அடியாக ஒட்டிப் போக நெளி அடைப்பு.

டைடல் 1.0 வந்தபோது பழைய கோப்புகள் பலவும் வேறு மாதிரி ஒலித்தன. இரண்டு தாளக்கட்டுகளைச் சேர்க்கும்போது எதன் நடை நிற்கும் என்பதுதான் சிக்கல். முன்பெல்லாம் கூட்டல் குறிக்கு இரண்டு பக்கமும் கோடு போட்டால் இடப்பக்கம் சொன்னதே சட்டம். புதிய பதிப்பில் இடக்கோடு போட்டால் இடப்பக்க நடை, வலக்கோடு போட்டால் வலப்பக்க நடை, இரண்டு கோடும் போட்டால் இரண்டும் கலந்த நடை. கச்சேரியில் பாடகர் பின்னால் மிருதங்கம் போவதா, மிருதங்கத்துக்குப் பாடகர் விட்டுக்கொடுப்பதா என்ற பழைய தகராறை ஒரு கோட்டில் தீர்த்துவிட்டார்கள்.

2022இல் வந்த ஸ்ட்ரூடல் அதே டைடலின் ஜாவாஸ்கிரிப்ட் வடிவம். பெலிக்ஸ் ரூஸும் மக்லீனும் தொடங்கியது. டைடலை நிறுவ ஹாஸ்கல், சூப்பர்கொலைடர் என்று வரிசையாக ஏற்ற வேண்டும். என் வகுப்பில் இருக்கிற பழைய கணினிகளில் அது நடக்காத காரியம். ஸ்ட்ரூடலுக்கு நிறுவல் எதுவும் வேண்டாம். மற்ற எந்த மாற்றத்தையும்விட இதுவே பெரிய மாற்றம் என்பேன்.

ஆரம்பத்தில் பிள்ளைகள் திணறுவது ஓர் இடத்தில்தான். ஸ்ட்ரூடலில் ஒரு சுழற்சிக்கு இரண்டு நொடி என்று வைத்துத் தருகிறார்கள். நான்கு சொல் எழுதினாலும் ஏழு சொல் எழுதினாலும் அந்த இரண்டு நொடிக்குள்ளேயே அடங்கும். சொல்லைக் கூட்டினால் வேகம் கூடும், நீளம் கூடாது. சுழற்சியை ஆவர்த்தனம் என்று எண்ணினால் குழப்பம். ஓர் அட்சரம் என்று வைத்துக்கொண்டால் விளங்கிவிடும்: ஐந்து எழுதினால் கண்ட நடை, ஏழு எழுதினால் மிஸ்ர நடை. மூன்று, எட்டு என்று இரண்டு எண்ணை அடைப்புக்குள் கொடுத்தால் எட்டில் மூன்று அடியை ஏறத்தாழச் சமமாகப் பரப்பி வைக்கும். வாய்விட்டுச் சொன்னால் தகிட தகிட தக.

வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானம்தான் நெடுநாள் இடித்தது. நம் ஆள் முடிய வேண்டிய இடத்தை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணி எடுப்பைக் கண்டுபிடிப்பான். சுழற்சியை மட்டும் அறிந்த இயந்திரத்துக்கு அது பிடிபடாது. அண்மைப் பதிப்புகளில் சுழற்சியை விட்டு அடிகளை எண்ணும் செயல்கள் வந்திருக்கின்றன, இன்னும் சோதனை நிலையில். அவற்றில் ஒன்று சொற்கட்டை ஒவ்வொரு சொல்லாகக் குறைத்துக்கொண்டே போகும். இன்னொன்று வளர்த்துக்கொண்டே போகும். கோபுச்ச யதி, ஸ்ரோதோவஹ யதி. என் மாணவர்களுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் நம்மிடம் இருந்தது என்று மார்தட்ட இதில் இடமில்லை. இருந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். ஆனாலும் நம் பக்கம் சென்னை எம். சுப்பிரமணியன், ஸ்வரக் குறிப்பைத் தட்டச்சு செய்தால் வாசிக்கும் ‘காயகா’வைத் தனியொருவராகச் செய்தார்.

ஸ்ட்ரூடலோடு வரும் ஒலித்தொகுப்பில் மிருதங்கம் உண்டு: தா, தொம், நம், சாப்பு, கும்கி எல்லாம் தனித்தனி ஒலிகளாக இருக்கின்றன. தவில் இல்லை. அண்ணாமலையார் கோயிலில் வாசிக்கும் தவில் வித்வான்களிடமும், ஊரெங்கும் இருக்கிற மற்ற தவில்காரர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே, சத்தமில்லாத அறையில் வாசித்துப் பதிவு செய்து, யாரும் எடுத்தாளலாம் என்று எழுதிக்கொடுங்கள். போனில் பதிவு செய்தாலே போதும். கோப்பு பிரித்துக் கொடுக்கும் வேலையை நானும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்கிறோம்.