கயிற்றாலை கலைக்கூடமான வரலாறு

ஒற்றசேகரமங்கலத்திலும் அதன் சுற்றூர்களிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்குக் கதம்பையும் கயிறும் புதியன அல்ல. அன்றாடம் நாம் காணும் இவ்வெளிய பொருளே ஒரு நகரத்தைச் செல்வத்தில் உயர்த்தியது. அந்நகர் ஆலப்புழை. நம் பகுதியும் அதுவும் முன்னாளில் திருவிதாங்கூர் என்னும் ஓரரசின்கீழ் இருந்தவை. ஆதலின் அதன் வரலாறு நமக்கு அயலன்று.

ஆலப்புழைத் துறைமுகத்தை 18ஆம் நூற்றாண்டில் வளர்த்தவர் திவான் இராஜா கேசவதாஸ். அவர் பிறந்த குன்னத்தூர் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பது நாம் நினைந்து மகிழத்தக்கது. 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே முதற் கயிற்றாலையை நிறுவினார். காயல் நீரில் பல திங்கள் ஊறிய கதம்பையைப் பெண்கள் அடித்து நாராக்கினர். இராட்டில் திரித்த கயிறு தறியேறிப் பாயாகவும் விரிப்பாகவும் கப்பலேறிற்று. மேனாட்டார் வீட்டு வாயில்களில் அவை கிடந்தன. நெய்தவர் கூலியோ குறைவாகவே இருந்தது. 1922இல் அங்குத் தோன்றிய தொழிலாளர் சங்கமும், 1938இல் நிகழ்ந்த பொது வேலைநிறுத்தமும் அவ்வாலைகளின் வரலாற்றில் நீங்கா இடம் பெற்றவை.

1928இல் கொச்சியின் உள்துறைக்குள் பெருங்கப்பல் நுழைந்தது. அதன்பின் ஆலப்புழையின் கடல் வாணிகம் படிப்படியாகச் சுருங்கியது. பேராலைகள் சிதறிச் சிறு கூடங்களாயின. 1989இல் இருப்புப்பாதை அந்நகரை எட்டியபோது, சரக்கு ஏற்றத்தக்க பழைய வாணிகம் பெரிதும் மறைந்திருந்தது. இருப்புப்பாதை அலுவலில் உள்ள எமக்கு இது நெஞ்சை உறுத்தும் செய்தியாகும்.

ஆளற்ற கட்டடங்களுக்கு மறுவாழ்வு காட்டியது அதே கொச்சிதான். 1867இல் தோன்றிய ஆஸ்பின்வால் வணிக நிறுவனத்தின் பண்டசாலைகளில், 2012 டிசம்பர் 12ஆம் நாள் கொச்சி–முசிறி கலைவிழா தொடங்கிற்று. மிளகும் எண்ணெயும் அடுக்கிய கூடங்களில் ஓவியங்களும் சிற்பங்களும் இடம் பெற்றன. அவ்விழாவை நடத்தும் அமைப்பே 2021 ஏப்ரலில் ஆலப்புழையின் பழைய கயிற்று நிறுவனக் கட்டடங்களைத் திறந்து, ‘லோகமே தறவாடு’ என்னும் காட்சியை அமைத்தது. உலகமே நம் குடும்ப இல்லம் என்பது அதன் பொருள். போஸ் கிருஷ்ணமாச்சாரி தொகுத்த அக்காட்சியில் 267 கலைஞர்கள் பங்கு கொண்டனர். பெருந்தொற்றினால் இடையில் மூடப்பட்ட கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டன.

இடிந்து மறையவிருந்த சுவர்களைக் கலை காத்தது நன்றே. ஆயினும் சுவர் மட்டுமே வரலாறு ஆகாது. அங்கே கதம்பை அடித்த கையையும் தறி மிதித்த காலையும் மறந்துவிட்டால், அக்கூடம் அழகிய வெற்றிடமாகவே நிற்கும். உழைத்தவர் பெயரன்மார் உள்ளே வந்து, “இது எம் பாட்டி பணிசெய்த இடம்” என்று பெருமிதத்தோடு சொல்லுமாறு அமைவதே உண்மையான கலைக்கூடம்.

இவ்வுண்மை நமக்கு அருகிலும் பொருந்தும். திருவிதாங்கூர் அரசர் பாலராமவர்மர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைக்கப்பெற்ற சாலியர் நெய்த நுண்ணாடையால் புகழ்பெற்றது பாலராமபுரம். அங்குத் தறியோசை இன்னும் அடங்கிவிடவில்லை. ஓசை அடங்கியபின் கூடத்தைப் போற்றுவதினும், ஒலிக்கும்போதே நெய்பவரைப் போற்றுதல் சிறந்ததன்றோ? நம் சிறுவர் சிறுமியரை ஒருநாள் அத்தெருக்களுக்கு அழைத்துச் சென்று அத்தறிகளைக் காட்டுவோமாக.

வாழ்க உழைப்பு! வளர்க நம் சங்கம்!