கரண்ட் போனாலும் மறக்காத பெட்டி

  

கரண்ட் போய் வந்ததும் வைஃபை பெட்டியில் விளக்குகள் எல்லாம் எரிகின்றன. ஆனால் நாம் வைத்த பெயரும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. கடையில் வாங்கிய நாளில் இருந்தது போல நிற்கிறது. "நேற்று வரை நன்றாகத்தானே சார் இருந்தது, எப்படி மறந்தது?" என்று தெருவில் பலர் கேட்டுவிட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது.

வகுப்பறையில் கரும்பலகையும் உண்டு, வருகைப் பதிவேடும் உண்டு. பலகையில் வேகமாக எழுதலாம், மணி அடித்ததும் அழிந்துவிடும். பதிவேட்டில் எழுதுவதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் அடுத்த ஆண்டும் இருக்கும். கணினிக்கும் இந்த இரண்டு நினைவுகள் தேவை.

1953-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேர்ல்விண்ட் என்ற கணினியில் காந்த வளைய நினைவகத்தைப் பொருத்தினார்கள். அதை முன்னின்று உருவாக்கியவர் ஜே ஃபாரஸ்டர். மணிமாலை கோப்பது போல, சின்னஞ்சிறு வளையங்களுக்குள் மெல்லிய கம்பிகளைக் கையால் கோத்துச் செய்தது. மின்சாரம் நின்றாலும் வளையத்தின் காந்தம் மாறாது. எழுதியது எழுதியபடி இருக்கும்.

இதன் பலன் 1969 நவம்பர் 14 அன்று தெரிந்தது. அப்போலோ 12 கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியது. விண்கலத்தின் எரிபொருள் மின்கலங்கள் இணைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டன. எந்தத் திசையில் இருக்கிறோம் என்று காட்டும் கருவி தன் அளவைத் தொலைத்தது. ஆனால் கலத்தின் கணினி நிரலை, தொழிற்சாலைப் பெண்கள் கம்பியில் நெய்தே கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பூமியைச் சுற்றும்போது வீரர்கள் நட்சத்திரங்களைப் பார்த்து அந்தத் திசையளவை மறுபடி சரிசெய்தார்கள். பிறகு நிலவில் இறங்கிவிட்டுத் திரும்பினார்கள். நம் பெட்டியிலும் கதை இதுதான். நிரல் பிழைத்துக்கொள்கிறது. அமைப்புகள் மட்டும் தொலைகின்றன. அவற்றை நாம்தான் மறுபடி கொடுக்க வேண்டும்.

கையால் கோப்பது செலவு. 1970-ல் இன்டெல் 1103 என்ற சில்லு வந்தது. விலை குறைவு, இடமும் குறைவு. ஆனால் அதற்குள் தகவல் என்பது ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும் சிறு மின்னூட்டம். விநாடிக்குப் பலநூறு முறை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் குடம் காலி. இன்றைக்கும் கணினியின் 'ரேம்' அந்த வழியில் வந்ததுதான்.

அப்படியானால் பதிவேடு எங்கே? 1967-ல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே என்ற இருவர், மின்துகள்களைக் காப்புச் சுவருக்குள் அடைத்துவைக்கும் அமைப்பைக் காட்டினார்கள். சுவருக்குள் போனவை மின்சாரம் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் வெளியே வராது. 1971-ல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் அதே வழியில் ஒரு சில்லைச் செய்தார். அதில் எழுதியதை அழிக்க, புறஊதா ஒளியில் காட்ட வேண்டும். வீட்டில் நடக்கிற காரியமா?

அந்தத் தொல்லையைத் தீர்த்தவர் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா. மின்சாரத்தாலேயே மொத்தமாக அழித்து எழுதும் சில்லை 1984-ல் உலகுக்கு அறிவித்தார். கேமரா ஃபிளாஷ் போல நொடியில் அழிகிறதே என்று அவருடன் வேலை பார்த்தவர் சொன்னதால் 'ஃபிளாஷ்' என்று பெயர் வந்தது. உரிய பங்கு தரவில்லை என்று 2004-ல் தன் பழைய நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டார். 2006-ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. இன்று பென்டிரைவ், செல்போன், வைஃபை பெட்டி எல்லாவற்றிலும் இருப்பது அவர் கொடுத்த நினைவுதான்.

மறக்காத சில்லு இருந்தும் பெட்டி ஏன் மறக்கிறது? 'மொத்தமாக அழித்து' என்பதில்தான் சிக்கல். ஃபிளாஷில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமானாலும் அந்தப் பக்கம் முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். அழித்த பின், எழுதி முடிக்கும் முன் கரண்ட் போனால் பக்கம் அரைகுறையாக நிற்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதும் தப்பாக எழுதிவிட வாய்ப்புண்டு. மறுபடி கரண்ட் வந்ததும் பெட்டி அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கிறது. கணக்கு உதைத்தால் அதை ஒதுக்கிவிட்டு, ஆலையில் கொடுத்த அமைப்பை எடுத்துக்கொள்கிறது. அமைப்புகளை இரண்டு பிரதியாக வைத்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். எல்லாப் பெட்டிகளிலும் அப்படி வைப்பதில்லை.

பெட்டியின் மறதி ஒரு பிள்ளையின் படிப்பையும் தொடும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தக் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரைதான். மூன்றரைக்குக் கரண்ட் போய் வந்தது, பெட்டி வெறுமையாகிவிட்டது. இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டுக்கொடுத்துப் போனவருக்குத்தான் தெரியும். அவர் போனை எடுக்கவில்லை. அலுவலகத்தில் "நாளைக்கு ஆள் வருவார்" என்றார்கள். கூலி வேலைக்குப் போய் மகளைப் படிக்கவைத்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மொட்டை மாடியில் என் செல்போன் இணைப்பில் அந்தப் பெண் பதிவை முடித்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மாதாமாதம் பணம் கட்டுகிற வீட்டுக்காரரிடம் அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுக்க என்ன தயக்கம்? கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு, தெரிந்த பிள்ளைகளை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் அது வீண்செலவல்ல. பெட்டி தன் நிரலைப் புதுப்பிக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் சுவிட்சை அணைக்காதீர்கள்.